உங்களுக்குத் தெரியுமா? நாக்குக்கு அடியில் கரையும் மருந்து

● குருமாவுக்குத் தேங்காயோடு சேர்த்து அரைக்கிறோமே கசகசா, அது அபின் செடியின் விதை. விதையில் போதை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை. பச்சைக் காயைக் கீறினால் வடிகிற பால்தான் அபின். ஆனாலும் துபாய்க்கும் ரியாத்துக்கும் பயணம் போகிறவர்கள் கசகசாப் பொட்டலம் கொண்டுபோகக் கூடாது. அங்கே அது தடைசெய்யப்பட்ட பொருள். நம் நாட்டில் மத்தியப் பிரதேசம், ராஜஸ்தான், உத்தரப் பிரதேசம் ஆகிய மாநிலங்களில் அரசு உரிமம் பெற்ற விவசாயிகள் இந்தச் செடியைப் பயிரிடுகிறார்கள். அபின் பாலைப் பதப்படுத்த காஜிப்பூரிலும் நீமச்சிலும் அரசு ஆலைகளே இருக்கின்றன. அந்தப் பாலில் மார்ஃபின் உண்டு, கோடீன் உண்டு, தெபெய்ன் என்று இன்னொன்றும் உண்டு. இந்த மூன்றாவது பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். நோயைக் கொடுத்த செடியே மருந்தையும் கொடுத்த கதை அதில்தான் இருக்கிறது.

● ஹெராயின் முதலில் இருமல் மருந்தாகத்தான் கடைக்கு வந்தது. 1898-இல் ஜெர்மனியின் பேயர் நிறுவனம் மார்ஃபினைச் சற்று மாற்றி அந்தப் பெயரில் விற்றது. மருந்தாக வந்தது நோயாக மாறிய கதைகள் இந்தத் துறையில் ஏராளம்.

● அபின் வகை மருந்துகளை மொத்தமாக ஓபியாய்டு என்பார்கள். பிரவுன் சுகர், ஹெராயின், மார்ஃபின், ஃபென்டனில் எல்லாம் இதில் அடக்கம். வலிக்குத் தருகிற டிராமடாலும் டேபென்டடாலும்கூட இந்த வகைதான். இவற்றுக்குப் பழகிய உடம்பு, மருந்து கிடைக்காத சில மணி நேரத்தில் என்ன பாடு படும் என்பதைப் பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் மறக்கமாட்டார்கள். முதலில் கொட்டாவி. அடக்க அடக்க வரும் கொட்டாவி. பிறகு சளி பிடித்தாற்போல மூக்கு ஒழுகும், கண்ணில் நீர் கோக்கும். வெயில் காலத்திலும் தோல் முழுக்க மயிர்க்கூச்செறியும். எலும்புக்குள் வலி. வாந்தி, வயிற்றுப்போக்கு. கால் தானாக உதைத்துக்கொள்ளும், படுக்கவும் முடியாது, உட்காரவும் முடியாது. ஒரே ஒரு வேளை மருந்து கிடைத்தால் இத்தனையும் சில நிமிடங்களில் மறைந்துவிடும் என்பது அந்த மனிதருக்குத் தெரியும். "மனசு வெச்சா விட்டுடலாம்" என்று வாசலில் நின்று சொல்கிறவருக்கு இது தெரியாது.

● அடிமை என்ற சொல்லை இந்தப் பக்கத்தில் நான் தவிர்த்திருக்கிறேன். ஒருவருக்கு வந்திருப்பது நோய் என்றால் அவர் நோயாளி. சொல் ஒன்றுதானே என்று தோன்றலாம். ஆனால் அந்தச் சொல்லுக்கு அஞ்சியே ஆஸ்பத்திரி வாசல்வரை வந்து திரும்பிப் போகிறவர்கள் உண்டு.

● "ஒரு போதைக்குப் பதில் இன்னொரு போதையா?" ஹெராயினுக்குப் பதில் மருத்துவர் அளந்து தரும் ஓபியாய்டு, அதாவது மாற்று மருந்துச் சிகிச்சை என்று பேச்செடுத்தாலே வருகிற முதல் கேள்வி இது. இதற்கு விடை 1964-இல் நியூயார்க்கின் ராக்கஃபெல்லர் வளாகத்தில் கிடைத்தது. வின்சென்ட் டோல் அங்கே வளர்சிதை மாற்றத்தை ஆராய்ந்துகொண்டிருந்த மருத்துவர். மாரி நைஸ்வாண்டர் மனநல மருத்துவர்; கென்டக்கி மாநிலம் லெக்சிங்டனில் அரசு நடத்திய பெரிய போதை மருத்துவமனையில் வேலை பார்த்து, அங்கிருந்து வெளியே போனவர்கள் திரும்பத் திரும்ப ஊசிக்கே போவதைக் கண்ணால் கண்டவர். இவர்களோடு மேரி ஜீன் க்ரீக் என்ற இளம் மருத்துவரும் சேர்ந்தார்.

முதலில் நோயாளிகளுக்கு மார்ஃபினையே அளந்து கொடுத்துப் பார்த்தார்கள். சரிப்படவில்லை. அளவு ஏறிக்கொண்டே போனது. பைஜாமாவோடு தொலைக்காட்சி முன் உட்கார்ந்து, அடுத்த ஊசி எப்போது என்று கடிகாரத்தைப் பார்ப்பதே அவர்களுக்குப் பகல்பொழுதாக இருந்தது. மார்ஃபினின் வேலை சில மணி நேரத்தில் தீர்ந்துவிடும் அல்லவா? பிறகு மெதடோனுக்கு மாற்றினார்கள். இது வாயால் குடிப்பது. ஒரு வேளை கொடுத்தால் ஒரு நாள் முழுக்க நிற்கும். அளவு சரியாக நிலைபெற்றதும் நடந்ததை டோல் பின்னாளில் வியப்போடு சொல்லியிருக்கிறார். ஒருவர் தூரிகையை எடுத்துப் படம் வரைய ஆரம்பித்தார். இன்னொருவர் படிப்பைத் தொடரவேண்டும் என்று நச்சரித்தார். கடிகாரம் பார்ப்பது நின்றுபோனது. 22 நோயாளிகளைப் பற்றிய அவர்களுடைய கட்டுரை 1965-இல் அமெரிக்க மருத்துவச் சங்கத்தின் இதழில் வந்தது. அதே ஆண்டு டோலும் நைஸ்வாண்டரும் திருமணம் செய்துகொண்டார்கள்.

போதைத் தடுப்பு அதிகாரிகள் வந்து, இது சட்டவிரோதம் என்று டோலை மிரட்டியதும் உண்டு. வழக்குப் போடுங்கள், நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லட்டும் என்றார் அவர். 1988-இல் அவருக்கு லாஸ்கர் விருது கிடைத்தது.

● மெதடோனுக்கு அமெரிக்காவில் வைத்த வணிகப் பெயர் டோலோஃபின். அடால்ஃப் ஹிட்லரின் பெயரிலிருந்து வந்தது என்று ஒரு கதை உலகம் முழுக்கச் சுற்றுகிறது. மருந்து 1930-களின் கடைசியில் ஜெர்மனியில் உருவானது என்பது மட்டும் உண்மை. பெயர் 1947-இல் அமெரிக்காவின் எலை லில்லி நிறுவனம் வைத்தது. ஹிட்லர் கதை புளுகு.

● குறைந்த அளவு கொடுத்தால் பாதுகாப்பு என்று நினைத்து எத்தனையோ மையங்கள் பல ஆண்டுகள் மெதடோனைக் கஞ்சத்தனமாகக் கொடுத்துவந்தன. பலருக்கு நாளொன்றுக்கு 60 மில்லிகிராமுக்கு மேல் போனால்தான் ஏக்கம் அடங்கும். அரைகுறை அளவு வாங்கியவர் மாலையில் தெருவுக்குப் போவார். உடனே "பார், மருந்து கொடுத்தும் திருந்தவில்லை" என்று பெயர் வைப்பார்கள். அரை வயிற்றுக்குச் சோறு போட்டுவிட்டு ஏன் பசிக்கிறது என்று கேட்பதுபோலத்தான் இது. அதே சமயம், தொடக்கத்தில் அளவை மெல்ல மெல்லத்தான் ஏற்றவேண்டும். மெதடோன் உடம்பில் தேங்கும் குணம் கொண்டது. முதல் சில வாரங்கள் ஆபத்து அதிகம். இதை மருத்துவர் கையில்தான் விடவேண்டும்.

● ஹாங்காங்கில் 1972-இல் மெதடோன் மையங்கள் தொடங்கின. ஊர்வாசி ஒருவர் ஒரு முறை வந்து குடித்துப் போக ஒரு ஹாங்காங் டாலர்தான் கட்டணம். விண்ணப்பம், சிபாரிசு, காத்திருப்புப் பட்டியல் என்ற இழுத்தடிப்பு இல்லை. இன்று மனம் வந்தவருக்கு இன்றே மருந்து.

● இனி தெபெய்னுக்கு வருவோம்.

1960-களில் பிரிட்டனில் கென்னத் பென்ட்லி என்ற வேதியியலாளர் தெபெய்னிலிருந்து புதுப் புது வலி மருந்துகளைச் செய்து பார்த்தார். அவற்றில் ஒன்று எடார்ஃபின். எடின்பரோவில் இருந்த ஆய்வுக்கூடத்தில் யாரோ மேசைமேல் கிடந்த கண்ணாடிக் குச்சியால் தேநீரைக் கலக்க, குடித்தவர்கள் மயங்கி விழுந்தார்கள், மருந்தின் வீரியம் அப்படித்தான் தெரியவந்தது என்று வேதியியலாளர்கள் இன்றும் சொல்வார்கள். மார்ஃபினைவிட ஆயிரம் மடங்குக்கு மேல் வீரியம். யானையையும் காண்டாமிருகத்தையும் மயக்கத் துப்பாக்கியில் வைத்துச் சுடும் மருந்து அது.

அதே வழியில் போய், இங்கிலாந்தின் ஹல் நகரில் ரெக்கிட் அண்ட் கோல்மன் நிறுவனத்தில் ஜான் லூயிஸ் குழுவினர் 1966-இல் செய்தது புப்ரெனார்ஃபின். இதன் குணம் விசித்திரமானது. மூளையில் ஓபியாய்டு போய் உட்காரும் இடத்தில் இதுவும் போய் உட்காரும். மற்ற பெரும்பாலானவற்றைவிட இறுக்கமாக உட்காரும். ஆனால் பாதி வேலைதான் செய்யும். ஒரு அளவுக்கு மேல் எத்தனை மாத்திரை போட்டாலும் மூச்சை அடக்கும் விளைவு பெரிதாகக் கூடாது. ஹெராயினால் சாகிறவர்கள் மூச்சு நின்றுதான் சாகிறார்கள் என்பதை நினைத்துப் பார்த்தால், இந்த ஒரு குணத்தின் அருமை புரியும். மதுவோ தூக்கமாத்திரையோ சேர்ந்தால் இந்தப் பாதுகாப்பு உடைந்துவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லவேண்டும். இதைப் போதைநோய்க்குச் சிகிச்சையாகப் பயன்படுத்தலாம் என்று 1978-இல் லெக்சிங்டன் ஆய்வு மையத்தின் டொனால்ட் ஜசின்ஸ்கியும் அவருடைய சகாக்களும் எழுதினார்கள். அமெரிக்க அரசின் அனுமதி கிடைக்க 2002 ஆயிற்று. 24 ஆண்டுகள்! அந்த இடைவெளியில் போன உயிர்களை நினைத்தால் இப்போதும் மனம் ஆறவில்லை.

● புப்ரெனார்ஃபின் மாத்திரையில் நாலாக்ஸோன் என்ற இன்னொரு மருந்தையும் நாலுக்கு ஒன்று விகிதத்தில் சேர்த்துவிடுகிறார்கள். நாக்குக்கு அடியில் வைத்தால் நாலாக்ஸோன் உடம்பில் அநேகமாக ஏறாது, சும்மா கிடக்கும். யாராவது மாத்திரையைக் கரைத்து ஊசியில் ஏற்றினால் அப்போது விழித்துக்கொண்டு போதையைத் தடுத்துவிடும். மாத்திரைக்குள்ளேயே ஒரு பூட்டு.

● அந்தப் பூட்டின் அவசியம் சென்னைக்காரர்களுக்குத் தெரிந்ததுதான். 1990-களில் ஹெராயின் கிடைக்காத நாட்களில் இங்கே பலர் வலிக்கு விற்ற புப்ரெனார்ஃபின் ஊசிமருந்தை நரம்பில் போட்டுக்கொண்டார்கள். ஒரே ஊசியைப் பகிர்ந்துகொண்டதில் எச்.ஐ.வி.யும் மஞ்சள் காமாலைக் கிருமியும் பரவின. சிங்கப்பூரிலும் இதே தொல்லை. அங்கே சிகிச்சைக்காக மருத்துவர்கள் கொடுத்துவந்த, நாலாக்ஸோன் சேராத சுபுடெக்ஸ் என்ற புப்ரெனார்ஃபின் மாத்திரையைக் கரைத்து ஊசி போடுவது பெருகி, 2006 ஆகஸ்டில் அரசு அதைத் தடைசெய்யப்பட்ட போதைப்பொருள் பட்டியலில் சேர்த்துவிட்டது. எந்த மருந்தும் கொடுக்கிற முறையால்தான் மருந்தாகிறது. மேற்பார்வை, ஆலோசனை, சரியான அளவு இல்லாமல் சீட்டு எழுதிக் கொடுத்துக் கையைக் கழுவினால் இப்படித்தான் முடியும்.

● பிரான்ஸ் வேறு வழியில் போனது. 1990-களின் நடுவில் அங்கே தெருமுனைக் குடும்ப மருத்துவரே புப்ரெனார்ஃபின் எழுதிக் கொடுக்கலாம் என்று திறந்துவிட்டார்கள். தனிப் பயிற்சி, தனி உரிமம் என்ற நிபந்தனை இல்லை. 1995 முதல் 1999 வரையிலான காலத்தில் அளவு மீறிச் செத்தவர்களின் எண்ணிக்கை 79 விழுக்காடு குறைந்தது. அமெரிக்காவிலோ மருத்துவர்களுக்குத் தனி அனுமதி வேண்டும், இத்தனை நோயாளிகளுக்கு மேல் பார்க்கக் கூடாது என்ற கட்டு 2022 இறுதிவரை நீடித்தது. வலி மருந்தாக அதே குடும்பத்து மாத்திரைகளை எழுதிக் கொடுக்க அந்தக் கட்டு இருந்ததில்லை. நோயைக் கொடுக்கத் தடையில்லை, மருந்தைக் கொடுக்கத் தடை!

● புப்ரெனார்ஃபினை அவசரப்பட்டு ஆரம்பித்தால் வெந்த புண்ணில் வேல் பாய்ச்சியது போல ஆகும். ஹெராயின் உடம்பில் இருக்கும்போதே போட்டால், இது அதைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்கார்ந்து, மருந்து கிடைக்காதபோது வரும் விலகல் அவஸ்தை முழுவதையும் ஒரே நேரத்தில் கொட்டிவிடும். அதனால்தான் கொட்டாவியும் கூச்செறிதலும் தொடங்கும்வரை காத்திருக்கச் சொல்கிறார்கள். அந்தக் காத்திருப்பைத் தாங்காமல் ஓடிவிடுகிறவர்கள் உண்டு. சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள் இதற்கு ஒரு வழி கண்டு 2016-இல் எழுதினார்கள்: பழைய மருந்தை நிறுத்தாமலே, புப்ரெனார்ஃபினைக் கடுகளவில் தொடங்கி நாளுக்கு நாள் ஏற்றுவது. பெர்ன் முறை என்றே அதற்குப் பெயர். ஃபென்டனில் பரவிய ஊர்களில் இப்போது இது பெரிதும் கைகொடுக்கிறது.

● மாதம் ஒரு முறை வயிற்றுத் தோலுக்கு அடியில் போட்டால் போதும் என்கிற புப்ரெனார்ஃபின் ஊசி 2017-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. தினமும் வரிசையில் நிற்கவேண்டியதில்லை, மாத்திரை தொலையாது, யாரும் பிடுங்கவும் முடியாது. அதற்கு முந்தின ஆண்டு, கைத்தோலுக்கு அடியில் நான்கு சிறு குச்சிகளைப் பதித்து ஆறு மாதம் மருந்து கசியவிடும் முறையும் வந்தது; அது நிலைக்கவில்லை. வாரம் மூன்று முறை குடித்தால் போதும் என்று 1993-இல் லாம் என்ற மருந்தும் வந்திருந்தது. இதயத் துடிப்பைக் கெடுக்கிறது என்று தெரிந்ததும் பத்தே ஆண்டில் போய்விட்டது.

● ஹெராயினையே மருந்தாகக் கொடுக்கும் நாடு சுவிட்சர்லாந்து.

படித்தவுடன் திடுக்கிடும். நானும் முதலில் திடுக்கிட்டேன். சூரிச் நகரில் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேசிய அருங்காட்சியகத்தை ஒட்டி ஆற்றோரமாக ப்ளாட்ஸ்பிட்ஸ் என்றொரு பூங்கா இருக்கிறது. 1980-களின் கடைசியில் அங்கே பகலிலேயே ஆயிரக்கணக்கானோர் ஊசி போட்டுக்கொண்டு கிடந்தார்கள். உலகம் அதை ஊசிப் பூங்கா என்று அழைத்தது. 1992 பிப்ரவரியில் போலீஸ் பூங்காவைப் பூட்டியது. கூட்டம் கொஞ்ச தூரத்தில் இருந்த லெட்டன் என்ற பழைய ரயில் நிலையத்துக்கு இடம் மாறியது, அவ்வளவுதான். அதையும் 1995-இல் மூடினார்கள். ஆனால் அதற்குள் ஒரு வேலை நடந்திருந்தது. 1994 முதல், மெதடோன் முதலான எதற்கும் கட்டுப்படாத நோயாளிகளுக்கு மட்டும், மருத்துவர் கண்காணிப்பில் சுத்தமான ஹெராயினைக் கொடுத்துப் பார்த்தார்கள். நாளுக்கு இரண்டு மூன்று முறை மையத்துக்கு வரவேண்டும். புது ஊசி, அளந்த மருந்து, பக்கத்திலேயே செவிலியர். திருட்டுக் குறைந்தது. பலருக்கு வீடு கிடைத்தது, வேலை கிடைத்தது. தெருவில் மருந்து தேடி அலைவதிலேயே தீர்ந்த பகல்பொழுது அவர்களுக்குத் திரும்பக் கிடைத்ததுதான் காரணம். ரூத் ட்ரைஃபுஸ் அம்மையார் சுகாதாரத்துறையைக் கையில் வைத்திருந்த காலம் அது. 1999-இல் அவரே நாட்டின் முதல் பெண் அதிபரானார். 2008 நவம்பரில் இதைச் சட்டமாக்கலாமா என்று மக்களிடமே வாக்கெடுப்பு நடத்தினார்கள். 68 விழுக்காட்டினர் ஆம் என்றார்கள்.

● கனடாவின் வான்கூவரில் இதே போன்ற ஆய்வு நடந்தபோது, சிலருக்கு ஹெராயினுக்குப் பதில் ஹைட்ரோமார்ஃபோன் என்ற ஆஸ்பத்திரி வலி மருந்தை, எது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். ஆண்டுக்கணக்கில் ஊசி போட்டுப் பழகியவர்களாலேயே வித்தியாசம் கண்டுபிடிக்க முடியவில்லை. அதைத் தொட்டு நடந்த அடுத்த ஆய்வு 2016-இல் வெளியானது. ஹெராயினுக்கு இந்த மருந்து இளைத்ததில்லை என்று காட்டியது. ஹெராயின் என்ற பெயரைக் கேட்டாலே சட்டம் மறுக்கும் நாடுகளுக்கு இது ஒரு வழி.

● ஆஸ்திரியாவில் மாற்று மருந்துச் சிகிச்சையில் இருப்பவர்களில் பெரும்பகுதியினர் எடுத்துக்கொள்வது நாள் முழுக்க மெல்லக் கரையும் மார்ஃபின் மாத்திரை. மெதடோன் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு, அதிக வியர்வை, இதயத் துடிப்புப் பிரச்சினை உள்ளவர்களுக்கு, இது நல்ல மாற்று. ஈரானில் அபின் கரைசலையே துளித்துளியாக அளந்து கொடுக்கும் மையங்கள் உண்டு. அங்கே தாத்தா காலத்திலிருந்து தெரிந்த பொருள் என்பதால் நோயாளிகள் தயங்காமல் வருகிறார்கள்.

● மலேசியாவில் 2010 வாக்கில் கோலாலம்பூரில் ஒரு மசூதியிலேயே மெதடோன் கொடுக்க ஆரம்பித்தார்கள். ஆஸ்பத்திரிக்குப் போக வெட்கப்பட்டவர் தொழுகைக்குப் போகிறார் என்றுதானே அக்கம்பக்கம் நினைக்கும்.

● நால்ட்ரெக்ஸோன் வேறு ஜாதி மருந்து. இது ஓபியாய்டே அல்ல. மூளையில் அந்த இடத்தை அடைத்துக்கொள்ளும்; ஹெராயின் போட்டாலும் ஏறாது. மாதம் ஒரு ஊசி, 380 மில்லிகிராம். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் ஆரம்பிக்கும் முன் ஒரு வாரம், பத்து நாள் எந்த ஓபியாய்டும் தொடாமல் இருக்கவேண்டும். 2018-இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில் 570 பேர். நால்ட்ரெக்ஸோனுக்கு ஒதுக்கப்பட்டவர்களில் 28 விழுக்காட்டினரால் முதல் ஊசிவரைகூட வர முடியவில்லை. புப்ரெனார்ஃபினில் அப்படி விழுந்தவர்கள் 6 விழுக்காடுதான். இன்னொன்று: இந்த மருந்தை நிறுத்தியபின் உடம்புக்குப் பழைய தாங்கும் சக்தி இருக்காது. முன்பு போட்ட அதே அளவைப் போட்டால் உயிரே போகலாம். தானாக முடிவெடுத்து, குடும்பத்தின் துணையோடு வருகிறவருக்கு நல்ல மருந்து. எல்லோருக்கும் இதுவே என்று திணிப்பது தவறு.

● ரஷ்யாவில் மெதடோன் சட்டப்படி குற்றம். 2014-இல் கிரிமியா ரஷ்யாவின் கைக்குப் போனபோது, அதுவரை உக்ரைன் அரசு நடத்திய மாற்று மருந்துச் சிகிச்சையில் இருந்த சுமார் 800 பேருக்கு மருந்து நின்றுபோனது. கொடி மாறியது, மருந்துக் குவளை காலியானது. சிலர் கீவுக்கு ஓடினார்கள். பலர் இறந்தார்கள்.

● விலகல் அவஸ்தையைத் தணிக்க ரத்த அழுத்த மருந்து உதவும் என்பது 1978-இல் யேல் மருத்துவர்கள் கண்டது. குளோனிடின் என்று பெயர். அதன் தம்பி லோஃபெக்ஸிடின் பிரிட்டனில் 1992 முதல் புழக்கத்தில் இருக்க, அமெரிக்காவுக்கு 2018-இல்தான் போனது. நடுக்கம் குறையும், வியர்வை குறையும். ஏக்கத்தை இவை தீர்க்கமாட்டா. பத்து நாள் கழித்து என்ன என்ற கேள்விக்கு வேறு மருந்து வேண்டும்.

● ஆப்பிரிக்காவின் காபோன் நாட்டுக் காடுகளில் இபோகா என்ற செடி உண்டு. அதன் வேர்ப்பட்டையை அங்குள்ளவர்கள் ப்விட்டி சமயச் சடங்கில் உண்பார்கள். 1962-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஹோவர்ட் லாட்சஃப் என்ற 19 வயது ஹெராயின் நோயாளி, புது அனுபவத்துக்காக அதன் சாரமான இபோகெய்னை உட்கொண்டார். மயக்கம் தெளிந்தபோது ஹெராயின் ஏக்கம் இல்லை. பிறகு வாழ்நாள் முழுவதும் இதற்காகவே வாதாடினார். அமெரிக்காவில் இது தடைசெய்யப்பட்டதால் மெக்சிகோவின் தனியார் மையங்களுக்குப் பலர் போகிறார்கள். இதயத் துடிப்பு தாறுமாறாகி அங்கே இறந்தவர்களும் இருக்கிறார்கள். 2025-இல் டெக்சாஸ் மாநிலம் இதன் ஆய்வுக்கு 5 கோடி டாலர் ஒதுக்கியிருக்கிறது. ஆய்வு நடக்கட்டும், நல்லது. அதுவரை இணையத்தில் வாங்கி வீட்டில் முயல்வது உயிரோடு விளையாடுவது.

● 2017-இல் பல நாடுகளின் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். 1,000 பேரை ஓராண்டு பின்தொடர்ந்தால், மெதடோன் சிகிச்சையில் இருக்கும்போது 11 பேர் இறக்கிறார்கள். சிகிச்சையை விட்டபின் 36. விட்ட முதல் நான்கு வாரங்கள்தான் மிகக் கொடியவை. "மூணு மாசம் ஆச்சு, இன்னுமா மருந்து?" என்று கேட்டு நிறுத்தச் சொல்லும் வீட்டார் இந்த எண்களைப் பார்க்கவேண்டும்.

● சிறையிலிருந்து வெளியே வரும் நாள் இந்த நோயாளிக்கு ஆண்டின் மிக ஆபத்தான நாள். உள்ளே தாங்கும் சக்தி போயிருக்கும். வெளியே பழைய அளவு காத்திருக்கும். அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலம் 2016-இல் சிறைக்குள்ளேயே மெதடோன், புப்ரெனார்ஃபின், நால்ட்ரெக்ஸோன் மூன்றையும் கொடுக்க ஆரம்பித்தது. சமீபத்தில் விடுதலையானவர்களில் அளவு மீறி இறந்தவர்கள் அரை ஆண்டுக்கு 26 பேராக இருந்தது, மறு ஆண்டின் அதே காலத்தில் 9 ஆனது.

● கர்ப்பிணிகளுக்கு ஓபியாய்டைச் சட்டென்று நிறுத்தக் கூடாது. கரு கலையலாம், குறைப்பிரசவம் ஆகலாம். மெதடோனோ புப்ரெனார்ஃபினோ கொடுப்பதே உலகெங்கும் நடைமுறை. பிறந்த குழந்தைக்குச் சில நாள் நடுக்கமும் ஓயாத அழுகையும் இருக்கலாம். அதற்குச் சிகிச்சை உண்டு. வெளிச்சம் குறைந்த அறை, அம்மாவின் மார்போடு அணைப்பு, தாய்ப்பால் எல்லாமே அந்தச் சிகிச்சையில் சேர்த்தி. அந்த நேரத்தில் தாயைத் திட்டாமல் இருப்பது நம்மால் ஆகிற உதவி.

● மூச்சு நின்றுகொண்டிருப்பவரை எழுப்பும் மருந்தும் உண்டு. மாத்திரைப் பூட்டுக்குச் சொன்னோமே, அதே நாலாக்ஸோன்தான். 1961-இல் பிறந்தது. மூக்கில் அடித்தால் சில நிமிடங்களில் மூச்சு திரும்பும். 2023 முதல் அமெரிக்காவில் மருந்துச் சீட்டே இல்லாமல் கடையில் வாங்கலாம்.

● இந்திய அரசுக்காக எய்ம்ஸ் நடத்தி 2019-இல் வெளியான கணக்கெடுப்பின்படி நாட்டில் ஓபியாய்டு பயன்படுத்துகிறவர்கள் 2.26 கோடிப் பேர். அவர்களில் சிகிச்சை தேவைப்படுகிற நிலையில் சுமார் 77 லட்சம் பேர். ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் 8.5 லட்சம். மணிப்பூர், மிசோரம், நாகாலாந்து என்று மியான்மர் எல்லையில்தான் இது முதலில் பற்றி எரிந்தது. 1990-களிலேயே தில்லியில் நாக்குக்கு அடியில் வைக்கும் புப்ரெனார்ஃபின் கொடுக்கத் தொடங்கினார்கள். பிறகு தேசிய எய்ட்ஸ் கட்டுப்பாட்டு அமைப்பு அதைப் பல மாநிலங்களுக்குக் கொண்டுபோனது. பஞ்சாப் 2017 அக்டோபரில் மோகா, அமிர்தசரஸ், தரண் தாரண் மாவட்டங்களில் வெளிநோயாளி மையங்களைத் திறந்து, மாநிலம் முழுக்க விரித்தது. உலக சுகாதார நிறுவனமோ 2005-இலேயே மெதடோனையும் புப்ரெனார்ஃபினையும் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்துவிட்டது.

தமிழ்நாட்டில் இப்போது நாம் செய்தித்தாளில் அடிக்கடி படிப்பது வலி மாத்திரையைக் கரைத்து ஊசி போட்டுக்கொள்ளும் இளைஞர்களைப் பற்றித்தான். பிடிபட்டார்கள் என்பதோடு செய்தி முடிந்துவிடுகிறது. பிடித்தபின் அந்தப் பையனுக்கு எங்கே சிகிச்சை என்று ஒரு வரி எழுதினால் எவ்வளவு நன்றாக இருக்கும்! எழுதாத அந்த வரி இதுதான்: 14446. மத்திய அரசின் இலவச உதவி எண். கூப்பிட்டு ஊரைச் சொன்னால் அருகிலுள்ள மையத்தைச் சொல்வார்கள்.

● புப்ரெனார்ஃபின் மாத்திரை கரைந்தபின் வாயைத் தண்ணீரால் கொப்பளிக்கவேண்டும்; ஒரு மணி நேரம் கழித்துத்தான் பல் தேய்க்கவேண்டும். பல் சொத்தை வரக்கூடும் என்று 2022-இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு எச்சரித்தது.

● மாற்று மருந்து மையம் ஒன்றின் காலைப்பொழுதை இப்படி நினைத்துக்கொள்ளுங்கள். கம்பி போட்ட சிறு ஜன்னல், அதற்கு அந்தப் பக்கம் செவிலியர், பக்கத்தில் பதிவேடு. பெயரைச் சொன்னதும் செவிலியர் மாத்திரையை நொறுக்கிக் கரண்டியில் தருகிறார். நொறுக்குவது, யாரும் வாயில் ஒளித்துக்கொண்டு வெளியே விற்றுவிடாமல் இருக்க. வந்தவர் பொடியை நாக்குக்கு அடியில் வைத்துக்கொண்டு சுவரோரப் பெஞ்சில் உட்காருகிறார். கசப்பு. விழுங்கக் கூடாது, பேசக் கூடாது. அவருக்கு நாற்பது வயது இருக்கும். சட்டைப்பையில் ஆட்டோ சாவி. ஐந்து நிமிடம், பத்து நிமிடம். செவிலியர் கூப்பிட்டு வாயைத் திறக்கச் சொல்லி, நாக்கைத் தூக்கச் சொல்லிப் பார்க்கிறார். கரைந்துவிட்டது. பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மூலையில் இருக்கும் குடத்திலிருந்து ஒரு தம்ளர் தண்ணீர் எடுத்து வாயைக் கொப்பளிக்கிறார். பள்ளிக்கூடச் சவாரி எட்டரைக்கு. சாவியை எடுத்துக்கொண்டு வேகமாகப் படியிறங்குகிறார்.